விடுதலை விருந்து

ராய்ஸ் டாக்கெட் நிரபராதி என்று ஜூரிகள் பன்னிரண்டு பேரும் காலையில்தான் சொல்லியிருந்தார்கள். மதியம் அவன் உணவகத்தில் உட்கார்ந்து பொரித்த கோழியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னாவின் மளிகைக் கடையைக் கொளுத்தியது அவன்தான் என்று அந்த டென்னஸி சிற்றூரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சாட்சிதான் இல்லை.

காரணமும் தெரியும். ஊருக்கு ஒரு தபால் கவுண்டர் வேண்டும் என்று தலைநகர் வாஷிங்டனுக்கு மனு போட்டு நச்சரித்தவன் ராய்ஸ். "வாஷிங்டனையே இந்த ஊருக்கு வரவெச்சவன் நான்!" என்று மார்தட்டுவான். தன் இரும்புக் கடையில்தான் வைப்பார்கள் என்று நம்பியிருந்தான். வந்ததோ வெர்னா கடையின் பின்மூலைக்கு. ஊர் ஜனமும் அங்கேயே போயிற்று. வயிற்றெரிச்சல் சும்மா இருக்குமா?

கதவைத் தள்ளிக்கொண்டு வெர்னா வந்தாள். நேரே அவன் எதிரில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை. வலது கை அதற்குள்.

உணவகத்தில் எல்லார் கண்ணும் அந்தப் பையின் மேல். பக்கத்து மேசை வெளியூர்க்காரர் மட்டும் சோளரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

ராய்ஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அவள் புருஷன் விட்டுப்போன கைத்துப்பாக்கி ஊரறிந்தது.

"வெர்னா, அவசரப்பட்டுடாதே..."

"நானே கொளுத்திட்டேன்னு காப்பீட்டுக்காரங்க சொல்றாங்க, ராய்ஸ். கடையும் போச்சு, மானமும் போச்சு. நீதானே செஞ்சே? உன் வாயால ஒரு தடவை சொல்லிடு. எனக்கு அது போதும்."

அட, இவ்வளவுதானா! போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

"ஆமாம்மா, நான்தான்! பின் ஜன்னல் வழியா மண்ணெண்ணெய ஊத்திப் பத்த வெச்சேன். இப்ப என்னங்கறே? விடுதலையானவன அதே குத்தத்துக்கு மறுபடி கூண்டுல ஏத்த முடியாது. போய் உன் வக்கீலைக் கேளு!" கோழிக்காலை ஆட்டி ஆட்டி ஊருக்கே கேட்கும்படி சொன்னான்.

"கேட்டுட்டுதான் வரேன். டென்னஸி மாநிலம் இனிமே உன்னைத் தொட முடியாதாம்."

கைப்பையிலிருந்து அவள் எடுத்து மேசைமேல் வைத்தது, தபால் பெட்டி ஒன்றின் கருகிப்போன பித்தளைக் கதவு. அதில் அமெரிக்க அரசின் கழுகு முத்திரை.

வெளியூர்க்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அவர் நீட்டிய அடையாள வில்லையிலும் கழுகு இருந்தது.

"மாநிலத்து வழக்கு முடிஞ்சுது, மிஸ்டர் டாக்கெட். எங்க வழக்கு இனிமேதான். நான் தபால் துறைப் புலனாய்வு அதிகாரி. அந்தப் பின்மூலை மத்திய அரசோடது."

வாஷிங்டனையே இந்த ஊருக்கு வரவழைத்தவன் தான்தான் என்று ராய்ஸ் சொல்லிக்கொண்டதில் பொய்யே இல்லை.