மூடுபனியில் ஒரு கிளட்ச்

ஊரில் எல்லோரும் தானே ஓடும் கார்களில் படுத்துக்கொண்டு போகையில், நறுமுகை மட்டும் கிளட்ச் வைத்த கார் ஒன்றைத் தேடி வாங்கியிருந்தாள். ஞாயிறு தோறும் ஏற்காட்டு மூடுபனிக்குள் கியர் மாற்றி மாற்றி ஏறுவாள். "கியர் போடாம போறது, யாரோ மென்னு குடுத்ததை முழுங்குற மாதிரி" என்பாள் கணவன் அருளப்பனிடம்.

அன்று பனியின் வெண்மையில் மனம் எங்கோ மிதக்க, கொண்டை ஊசி வளைவில் நான்காம் கியரிலிருந்து இறக்க மறந்துபோனாள். கார் சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் ஏறியது. சந்தேகப்பட்டு ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அது தானாகவே வளைந்தது.

"உனக்கு இது தெரியுமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருளப்பனிடம் கேட்டாள்.

"வாங்கும்போதே சொன்னாங்க. நீ தப்பா போட்டாலும் காரே சரி பண்ணிக்கும்னு. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. சொல்ல மனசு வரல."

அவள் ஸ்டீயரிங்கை மறுபடி இறுகப் பிடித்தாள். பிறகு காரிடம், "உதவி எல்லாத்தையும் நிறுத்து" என்றாள். ஆபத்து என்று இருமுறை எச்சரித்துவிட்டுக் கார் அடங்கியது.

அடுத்த ஏற்றத்திலேயே வண்டி உதறி அணைந்து, பின்னால் உருளத் தொடங்கியது. கைபிரேக்கை இழுத்தாள். அருளப்பன் இறங்கி, ஒரு கல்லைத் தேடி எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கினான்.

"இப்ப எடு, நறு."

வண்டி செருமித் துள்ளி ஏறியது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று அவனை விட்டுவிட்டே போனாள். பனியில் ஒன்றும் தெரியாமல் அவன் நடந்தான். மேலே எங்கோ எஞ்சின் சத்தம் தடுமாறி, ஒரு கணம் தணிந்து, கனத்து எழுந்தது.

இரண்டாம் கியர். அவளே போட்டது.