பந்தலைப் பார்க்கும் கேமரா

பால் காய்ச்சுகிறேன். மூன்று டம்ளர்களை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். என் மனைவி மாரீஸ்வரி இறந்த பிறகும் கைப்பழக்கம் மாறவில்லை. அவள் தங்கை பவானி திராட்சைப் பந்தலடியில் போனோடு உட்கார்ந்திருக்கிறாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். முகத்தில் வெண்திட்டுகள் படர்ந்ததிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. இந்த ஆன்லைன் கவுன்சலிங்கில் அவளைச் சேர்த்துவிட்டவள் மாரீஸ்வரிதான். வாராவாரம் பவானி பேசுகிறாள், முகத்தை மட்டும் காட்டுவதில்லை. கேமராவைப் பந்தலுக்குத் திருப்பிவிடுகிறாள். இன்றும் அப்படித்தான். கொடிச்சுருள்களைக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறாள். மோட்டார் இரைகிறது. பாலோடு அவள் பின்னால் வந்து நிற்கிறேன்; டம்ளர் விரலைச் சுடுகிறது, கீழே வைக்கவில்லை. நேற்று நான் அடித்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் இலைகளில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருக்கின்றன. “இலையில என்ன நோய், பவானி?” சென்னையிலிருந்து கவுன்சலரின் குரல் கேட்கிறது. “திராட்சையக் கடையிலதான் பாத்திருக்கீகளாக்கா?” பவானி சிரிக்கிறாள். “நோயில்ல, மருந்து. மாமா அடிச்சாக.” கவுன்சலரும் சிரிக்கிறார். கிள்ளிக்கொண்டிருந்த கை நிற்கிறது. போன் மெல்லத் திரும்புகிறது; திரையின் ஓரத்தில் முதலில் அவள் காது, பிறகு கன்னம். “இது மருந்தில்லக்கா. பாருங்க.”