நெயில் பாலிஷ் பொட்டு

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் நீளமாக ஒருமுறை கத்தியது. நிறுத்தி, மறுபடி கத்தியது. திரை கருப்பாகவே கிடந்தது.

உள்ளே ராம் என்னும் மெமரிப் பட்டை சரியாக உட்காரவில்லை. ஜெஸ்லினுக்கு அந்தச் சத்தமே போதும். கல்யாணத்துக்கு முன், திருவனந்தபுரத்தில் பட்டம் பகுதியில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டைப் செய்துகொண்டிருந்தபோது அவளுடைய மெஷினும் இப்படித்தான் அடிக்கடி அழும். அதைச் சரிசெய்ய வந்து வந்துதான் செல்வின் அவள் கணவனானான்.

"சேட்டன் வரலையா சேச்சி?" என்றாள் அஞ்சு. சாலைக் கடைத்தெரு மாடியில் கல்யாணக் கார்டு அடிக்கும் கடை அவளுடையது. "இது சேட்டன் தொட்டாத்தான் கேக்கும்."

"சேட்டன் தொட்டது போதும். நான் பாக்கேன்."

செல்வின் வித்துராவில் ஒரு எஸ்டேட் ஆபீசுக்குப் போயிருந்தான். அஞ்சுவின் போன் வந்ததும் ஜெஸ்லின் சர்வீஸ் கடையைப் பூட்டிவிட்டு ஸ்குரூடிரைவரோடு கிளம்பிவிட்டாள். மாதத்துக்கு இரண்டு தடவை இதே கம்ப்ளெயின்ட். ஒவ்வொரு தடவையும் அவன் சட்டை மாற்றிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு.

இந்தப் பெண்ணே பெட்டியைத் திறந்து ராமை நெகிழ்த்திவிடுகிறாள் என்று ஜெஸ்லினுக்குச் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தாள்.

பிடிப்பது எளிது. எந்தப் பெட்டியை மூடினாலும் கடைசித் திருகின் தலைமேல், தகட்டையும் சேர்த்து, செல்வின் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பான். யாராவது திறந்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பாட்டில் ஜெஸ்லினுடையது.

பெட்டியைத் திருப்பிக் குனிந்து பார்த்தாள். விரல் நுனியால் தடவியும் பார்த்தாள்.

பொட்டு முழுசாக இருந்தது.

சுவிட்சை அணைத்து, திருகைக் கழற்றி மூடியை எடுத்தபோது, ஷாக் அடிக்குமென்று அஞ்சு கதவு வரைக்கும் விலகிப் போனாள். அந்தப் பயத்தில் நடிப்பில்லை.

ராமின் ஒரு முனையில் கிளிப் பூட்டியிருந்தது. மறுமுனையில் திறந்தே நின்றது.

"ரெண்டு பக்கமும் டக்குன்னு கேக்கணும். ஒரு பக்கத்த விட்டா, சூட்டுல மெல்ல மெல்ல எழும்பி ரெண்டு வாரத்துல நின்னுரும்." ஜெஸ்லினுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தவனே செல்வின்தான். அவன் மறக்கிற ஆளில்லை.

அழுத்தினாள். டக்.

மறுபடி சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் சின்னதாக ஒரு பீப் கொடுத்து எழுந்தது. அஞ்சு பக்கத்தில் ஓடிவந்தாள். "இனி வராதல்லோ சேச்சி?"

திரையில் எண்கள் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தன.

டிராவல்ஸ் ஆபீஸில் ஜெஸ்லினுடைய நாற்காலிக்கு அடுத்து வந்தவள் சுசீலாபாய். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, ஜெஸ்லினும் செல்வினும் போகையில் சாலையில் எதிர்ப்பட்டபோது சொன்னாள், "ஒன் மெஷினுக்கும் ஒன்னத்தான் பிடிக்காது போல. நீ போன பொறவு ஒருதடவகூட அழல."

அன்று மூன்று பேரும் சிரித்தார்கள். செல்வின்தான் அதிகம் சிரித்தான்.