அட்டைப் பெட்டிகள்

வாஷிங்டனில் நீர்வழித் துறைக்குப் புதுத் தலைவராக வந்த நாளிலிருந்தே ப்ரூவருக்கு லொரெய்ன் என்றாலே கண்ணில் விழுந்த தூசி மாதிரி. எதைச் சொன்னாலும், "சட்டம் இடம் கொடுக்காது சார்" என்பாள் அந்த மூத்த அதிகாரி.

அவளை அலாஸ்காவுக்குத் தூக்கியடிக்க ஆசைதான். ஆனால், புதுத் தலைவர் வந்து நான்கு மாதம் ஆகும்வரை மூத்த அதிகாரிகளை விருப்பமில்லாத இடத்துக்கு மாற்றக்கூடாது. அதுவும் சட்டம். ப்ரூவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தக் கெடுவின் கடைசி வாரத்தில் லொரெய்ன் அறையில் காலி அட்டைப் பெட்டிகள் முளைத்தன.

"என்ன லொரெய்ன், யாரோ கிளம்புற மாதிரி இருக்கே?"

"ஆமா சார். கடைசி நேரத்துல அல்லாடக் கூடாதில்ல?"

மோப்பம் பிடித்துவிட்டாள் என்று அவர் உள்ளூரச் சிரித்துக்கொண்டார்.

கெடு முடிந்த காலையில், மாற்றல் உத்தரவும் கையுமாக அவளைக் கூப்பிட்டார். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தாள்.

"இதை ஏன் இங்க கொண்டு வந்தீங்க?"

"உங்க சாமானை வேற எதுல கட்டுறது சார்? போன தலைவருக்கு வாங்கினதுல மிச்சம். அவர் கையிலயும் இதே அலாஸ்கா உத்தரவுதான் இருந்துச்சு."

ப்ரூவர் வாய் திறப்பதற்குள் மேசைத் தொலைபேசி அலறியது.

"எடுங்க சார், வெள்ளை மாளிகைதான். உங்க இடத்துக்கு வர்றவரு போன வாரமே எங்கிட்டப் பேசிட்டாரு. பாவம், அவரும் இனிமே நாலு மாசம் காத்திருக்கணும்."