வைட்டமின்: இல்லவே இல்லை

"நான் ஒரே ஒரு வைட்டமின் மாத்திரையை முழுங்கினாப் போதும், இந்த நாட்டோட மருத்துவ ஆராய்ச்சியே இருபத்தாறு வருஷம் பின்னால போயிடும்," என்றாள் வெர்லீன்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ரெனிட்டாவின் அழகு நிலையம். சனிக்கிழமை நண்பகல். யாரும் சிரிக்கவில்லை. தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் பெயரை வெர்லீன் மறப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

கறுப்பினப் பெண்களின் உடல்நலத்தை இருபத்தாறு ஆண்டுகளாகக் கவனித்துவரும் ஓர் ஆய்வில் அவள் சேர்ந்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தபாலில் படிவம் வரும். 'வைட்டமின் சாப்பிடுகிறீர்களா?' என்ற கேள்விக்கு அவள் ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்றே எழுதுவாள்.

"மாத்திரை திங்கறவளுக ஆயிரம் பேர் இருக்காளுக. ஒப்பிட்டுப் பாக்கத் திங்காதவ வேண்டாமா? அதுக்குத்தான் நான் இருக்கேன். ரெனிட்டா, எனக்கு நகப்பூச்சு இன்னும் காயல. நீயே எழுது. 'இல்லை'. பெரிசா எழுது."

ரெனிட்டா பெரிதாகவே எழுதினாள். அடுத்து, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் அம்மா ஓசெல்லாவின் படிவத்தை எடுத்தாள்.

"உனக்கு வைட்டமின் டி, இரும்பு, கால்சியம் எல்லாத்துக்கும் 'ஆமாம்', சரியாம்மா?"

ஓசெல்லா தலையாட்டினாள்.

"சந்தேகமா?" என்றாள் ஓசெல்லாவின் பக்கத்து வீட்டுக்காரியான வெர்லீன். "போன ஞாயித்துக்கிழமை இவ நடந்து வரும்போது வயித்துக்குள்ள மாத்திரையெல்லாம் கடகடன்னு சத்தம். சர்ச்சுல டிரம் வாசிக்கறவன் தாளம் தப்பிட்டான்."

"சும்மா இருடி."

ரெனிட்டா அம்மாவின் கைப்பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகள். ஏழும் காலி.

"பாருங்க ஆன்ட்டி, ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனா ரத்தத்துல டி மட்டும் ஏறவே மாட்டேங்குது. டாக்டருக்கே புரியல. போன மாசம் சர்ச் வாசல்ல அம்மா முட்டி மடங்கி விழப் பாத்தாங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா நாற்காலி போட்டு உக்கார வச்சுடுவேன்னு பாஸ்டர் சொல்லிட்டார்."

ஓசெல்லா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டாள். வெள்ளைக் கையுறை போட்டு, வருகிறவர்களை இடம்பார்த்து உட்காரவைக்கும் அந்த வாசல் முப்பத்தொரு வருடமாக அவளுடையது. நாற்காலி வந்தால் கையுறை வேறொருத்தி கைக்குப் போய்விடும்.

"காலர்ட் கீரை வெந்த தண்ணியைக் குடிக்கச் சொல்லு," என்று வெர்லீன் எழுந்து நின்றாள். தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளோடு, ஞாயிறுதோறும் ஓசெல்லாவோடு சர்ச் வாசலில் நிற்பதுபோலவே இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டாள். "எழுபத்தோரு வயசு. ரெண்டு மணி நேரம் இப்படியே நிப்பேன். தூண் அசைஞ்சாலும் நான் அசைய மாட்டேன். எல்லாம் கீரைத் தண்ணி."

"நாளையிலிருந்து அம்மா மாத்திரையை ரெண்டு மடங்கு வீரியம் உள்ளதா மாத்தியிருக்கேன்," என்றாள் ரெனிட்டா.

"ரெண்டு மடங்கா?" வெர்லீன் சட்டென்று திரும்பினாள். பிறகு நிதானமாக உட்கார்ந்தாள். "வீண் வேலை."

மறுநாள் காலை சர்ச் வாசலில் இருவரும் அருகருகே நின்றார்கள். வெள்ளை உடை, வெள்ளைக் கையுறை, முதுகுக்குப் பின்னால் இடது கை. மூன்றாம் வரிசையில் ரெனிட்டா, மேடையைப் பார்த்தபடி. பாடகர் குழு எழுந்தது.

வெர்லீனின் முதுகுக்குப் பின்னால் கையுறை போட்ட அந்த உள்ளங்கை ஓசெல்லாவின் பக்கமாக மெல்ல விரிந்தது.

எதுவும் விழவில்லை. விரல்கள் பொறுமையிழந்து அசைந்தன.

"இன்னிக்கு இல்லை," என்றாள் ஓசெல்லா, உதடு அசையாமல். "முழுங்கினாக் குமட்டுதுன்னு ரெண்டு வருஷமா மாத்திரையெல்லாம் வீட்டு வேலிக்கு மேலயும் இங்க முதுகுக்குப் பின்னாலயும் உன்கிட்டயே தள்ளிவிட்டேன். பொட்டி காலியாச்சுன்னு பொண்ணுக்குச் சந்தோஷம். ஆனா காலியானது என் முட்டி. இனிமே நானே முழுங்கறேன். எனக்கு நாற்காலி வேண்டாம்."

வெர்லீன் உள்ளே வந்தவர்களைப் பார்த்துப் புன்னகைத்தாள். பின்னால் விரிந்த கை மட்டும் மூடவில்லை.

"அந்த மஞ்சள் மாத்திரை ஒண்ணாவது மிச்சம் வச்சிருக்கியாடி?"