பெயர் இல்லாத துடிப்பு

வடநார்வேயின் அந்தப் பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமைதோறும் பொதுமக்களுக்கு அறிவியல் சொற்பொழிவு உண்டு. காபியும் வாஃபிளும் இலவசம். ஐவிண்டுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. கட்டிக்கொள்ளப் போகிற சுன்னிவா கூப்பிட்டாளே என்று வந்தான். அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் ஹால்வார்ட் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார்.

“பனிச்சரிவுல புதைஞ்ச ஒருத்தரோட இதயத்துடிப்பு இது. அவர் கட்டியிருந்த வாட்ச்ல பதிவானது. பேர், ஊர் எல்லாத்தையும் எடுத்துட்டோம். நாளும் நேரமும்தான் மிச்சம். இது யார்னு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

போன வருடம் மார்ச் ஒன்பது, காலை பதினொன்று பத்துக்குக் கோடு துள்ளியது. பிறகு தளர்ந்து, போய்க்கொண்டே இருந்தது. ஒன்றேகாலுக்குத்தான் நின்றது.

“ரெண்டு மணி நேரமா உயிரோட இருந்தாரு?” என்று முன்வரிசையில் ஒருவர் பதறினார். “கூட யாருமே இல்லையா?”

“இருந்திருந்தா தோண்டி எடுத்திருப்பாங்களே. பொழச்சிருப்பாரு” என்றார் பேராசிரியர்.

“தலை வலிக்குது, போலாம் வா” என்றான் ஐவிண்ட்.

சுன்னிவா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அந்த வாட்ச்சை இவங்களுக்குக் கொடுத்ததே நான்தான். உள்ள என்ன இருக்குன்னு பாக்கக்கூட எனக்கு மனசு வரல. ‘உன் புருஷனை அஞ்சே நிமிஷத்துல தோண்டி எடுத்தேன், அதுக்குள்ள உயிர் போயிடுச்சு’ன்னு நீதானே வந்து சொன்னே?”

அவன் கையை உருவப் பார்த்தான். அவள் பிடி தளரவில்லை.

“உன் நாடி ஏன் இப்படி அடிச்சுக்குது, ஐவிண்ட்?”