ஒன்பதாவது வரி

"எட்டு பேரு பேரைச் செதுக்கத் தெரிஞ்ச மெஷினுக்கு, என் புருசன் பேரு மட்டும் தெரியாம போச்சா பாய்?"

குப்பம்மா பையிலிருந்த பித்தளைத் தகட்டை எடுத்து மேஜைமேல் டங்கென்று வைத்தாள்.

அபூபக்கர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்தில் அவர் கடை. பெயர்ப்பலகை, கேடயம், கல்யாணப் பாத்திரத்தில் பெயர் என்று வேலை ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம், எண்பத்தெட்டில், மெட்ராஸில் ஒரு கம்பெனி ஏலம் விட்ட கம்ப்யூட்டரையும் செதுக்கும் மெஷினையும் வாங்கிப் போட்டார். திரையில் வரைந்தால், நடுவில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டி வழியாக அது மெஷினுக்குப் போகும். ஊசி தானே இறங்கிச் செதுக்கிவிடும்.

நாலு மாதம் முன்பு, பழவேற்காடு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து ஒன்பது பேர் போனார்கள். எட்டு உடல் கரை ஒதுங்கியது. குப்பம்மாவின் புருஷன் மாணிக்கம் மட்டும் கிடைக்கவே இல்லை.

குப்பத்தில் நினைவுக்கல் வைக்கிறார்கள். நாளை மறுநாள் திறப்பு. தகடு வந்து பார்த்தால் எட்டுப் பெயர்தான். அடியில் ஒரு வரிக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது.

"மெஷினு அவ்ளோதான் எடுக்குதாம். பெயின்ட்டுல எழுதிக்கலாம் உடு" என்றார் மீனவர் சங்கத் தலைவர் கோதண்டம்.

மாமியார் இருசம்மாள் அதற்கும் மேல். "செத்தவனுக்குப் பேரு ஒரு கேடா?"

காரியம் முடிந்த நாளிலிருந்து அவள் பேச்சே அப்படித்தான். மருமகளின் வளையலை வேறு யாரையும் தொடவிடாமல் தானே உடைத்தாள். "போனவன் போய்ட்டான். சின்ன வயசு உனுக்கு. உங்கம்மா ஊட்டுக்குப் போய்ச் சேரு" என்று தினமும் விரட்டுகிறாள். இதெல்லாம் பெற்ற வயிறா என்று குப்பம்மா அழாத நாளில்லை.

அதனால்தான் அவளிடம்கூடச் சொல்லாமல் தகட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தே கிடையாதும்மா" என்றார் அபூபக்கர். "ஒவ்வொரு எழுத்தையும் கோடு கோடா நானே வரைஞ்சேன். இதோ பாரு."

பச்சைத் திரையில் ஒன்பது வரி தெரிந்தது. கடைசி வரி மாணிக்கம். அந்த எழுத்து மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். படகில் அவன் சுண்ணாம்பால் எழுதி வைத்திருப்பான்.

"இங்க கீது இல்ல? அப்புறம் ஏன் தகட்டுல இல்ல?"

"இங்க இருக்கு. ஆனா நடுவுல இந்தப் பெட்டி இருக்கு பாரு, அதுக்கு எட்டு வரிதான் கொள்ளும். ஒன்பதாவது போனா நின்னுடுது. ஒயரையும் மாத்திப் பார்த்துட்டேன்."

குப்பம்மா திரையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி.

"எட்டுதான் கொள்ளும்னா, எட்டும்தான் செதுக்கி முடிச்சாச்சே பாய். இப்ப ஒம்பதாவதை மட்டும் தனியா அனுப்பு."

அபூபக்கர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார்.

"சொல்லு பாய். உடம்பு கெடைக்காத மனுசனுக்குப் பேரும் கெடைக்காதா? எவன் சொல்லி உட்டான்? கோதண்டமா?"

அவர் எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கொடுத்தேம்மா. ஆண்டவன் என்னை மன்னிக்கணும். உன் மாமியார்தான் வந்தாங்க."

"எங்க அத்தையா?"

"தகடு செதுக்கிட்டிருந்த அன்னிக்கு, கொட்டற மழையில. 'எட்டோட நிறுத்து பாய். எம்புள்ள உடம்பை யாரு பார்த்தாங்க? எங்கியோ கரை ஏறிருப்பான். செத்தவங்களோட அவன் பேரைச் சேர்த்துடாத'னு என் காலைப் புடிச்சிட்டாங்க. திரையில இருக்கறதை அழிக்கவும் எனக்கு மனசு வரல, செதுக்கவும் கை வரல."

"பொய்யி" என்றாள் குப்பம்மா. "அவன் செத்துட்டான், செத்துட்டான்னு தெனம் என் மூஞ்சிக்கு நேரா சொல்றதே அத்தைதான்!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நான் காத்துகினு கெடக்கறேன்னு தெரிஞ்சா அவளும் காத்துகினே கெழவியாய்டுவா பாய். நான் ஒருத்தி போதும்'னாங்க."

குப்பம்மா திரையில் இருந்த கடைசி வரியை விரலால் தொட்டாள். பிறகு தகட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தனியா அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் பாய்."

அவள் குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது இருசம்மாள் வாசலில் இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தகட்டைத் தூக்கிகினு போனியாமே. ஏறிச்சா பேரு?"

"ஏறல அத்தை. மெஷினு ரிப்பேராம்."

இருசம்மாள் மூச்சை இழுத்து விட்டாள். உடனே குரலை உயர்த்தினாள்.

"நல்லதாப் போச்சு. செத்தவன் பேரை வச்சிகினு இன்னா பண்ணப் போற? உங்கம்மா ஊட்டுக்குக் கெளம்பற வழியைப் பாரு."

குப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"போறேன் அத்தை. அவரு வந்ததும் ரெண்டு பேருமா போறோம்."